காண்க: பனிப்புயல்

ரெஜைனாவில், மூன்றாம் மாடியில், அந்த மார்ச்சில்
'வி' வரைக்கும் வந்து சேர்ந்திருந்தோம்.
மாகாணக் கலைக்களஞ்சியம். ஒரே தொகுதி.
ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல்
ஒரு தாளும் தைக்க முடியாதென்று அச்சகம் சொல்லிவிட்டது.
ஆகவே தூற்றிக்கொண்டிருந்தார் ஓரெஸ்ட் பிதிர்னி,
காதில் செருகிய பென்சிலோடு,
காலை எட்டிலிருந்து.

மேசையில் விட்கோ உயர்நிலைப்பள்ளி.
எழுதி அனுப்பியவர் வெர்னா குசிக்,
அங்கே இருபத்தாறு வருடம் கொதிகலன் பார்த்தவர்.
கோடு போட்ட தாள், நான்கு பக்கம், ஓரத்தில் எண்ணெய்.

"இதைப் பற்றி வேறு யார் எழுதியிருக்கிறார்கள்?"
இவர்தான், என்றேன்.
"இவரைத் தவிர?"

கேட்டதில் தப்பில்லை.
நானே அறுபது பள்ளிகளை வெட்டியவள்.
எல்லாம் ஒரே வார்ப்பு:
நிறுவிய ஆண்டு, செங்கல், தீ விபத்து, மறுபடி செங்கல்,
சின்னம் கழுகு, கழுகில்லையென்றால் ஓநாய்,
கர்லிங்கில் ஒருமுறை இரண்டாம் இடம்.
பெயரை மாற்றி ஒட்டினால் ஊர்க்காரருக்கே தெரியாது.
காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, சரி,
நாங்கள் உரைகல் வைத்திருக்கிற கடை.

ஆனாலும் பாருங்கள்,
விட்கோவின் தானியக் களஞ்சியத்துக்கு அரைப் பக்கம்,
படத்தோடு. மரம், எண்பதடி உயரம்.
களஞ்சியத்துக்குள் களஞ்சியம் நுழைந்துவிட்டது.
கோதுமைத் தண்டைத் துளைக்கும் பூச்சிக்கு முக்கால் பக்கம்.
நாலு மாதம் அங்கே படித்துவிட்டு
ஐஸ் ஹாக்கி ஆடப் போன ஒருவனுக்குப் பதினேழு வரி.
அதில் பள்ளி ஒரு வினையெச்சம்:
'படித்துவிட்டு'.
முற்று அவனுடையது.

வெர்னா எழுதியிருந்தார்:
"எழுபத்தெட்டு பிப்ரவரி, செவ்வாய் மதியம்.
பேருந்துகள் பாதி வழியில் திரும்பிவிட்டன.
நாற்பத்தொரு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், நான்.
இரண்டு இரவு. ஒரு வால்வு ஒழுகியது.
நான் தூங்கவில்லை, அதனால் தெரியும்:
எல்ஃப்ரீடா வீப் தூக்கத்தில் எண்கள் சொன்னாள்.
லியோன் டெஜார்லே தன் காலுறையை யாருக்கோ கொடுத்துவிட்டு
யாருக்கென்று சொல்ல மறுத்தான்.
மேடைத் திரையைக் கழற்றிச் சின்னவர்களுக்குப் போர்த்தினோம்.
அதை அப்புறம் யாரும் மாட்டவில்லை.
இது போதுமா தெரியவில்லை.
வேறொன்றும் இங்கே நடக்கவில்லை."

ஓரெஸ்ட் நான்கு பக்கமும் படித்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பப் போனார்.
பிறகு கடைசி வரியின் அடியில் கோடு.
"இவரே சொல்கிறார், பார்."

நான் சண்டை போடவில்லை.
முட்டை சாண்ட்விச் தின்றேன், ஜன்னலோரம்.
நான் படித்த பள்ளிக்குப் பதிவு உண்டு, முந்நூறு சொல்.
அதில் ஒன்றிலும் நான் குளிர்காய்ந்ததில்லை.

'ப' ஏற்கெனவே பக்கம் கட்டியாகிவிட்டது.
பனிப்புயல் பதிவின் கடைசி வரி
பாதியிலே முடிந்து, மீதி வெள்ளையாகக் கிடந்தது.
அங்கே எழுதினால் பக்கம் கூடாது, எதுவும் நகராது.
எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தெட்டு எழுத்து கொள்ளும்.
நாற்பத்தொரு பிள்ளைகள் கொள்ளாது.
'விட்கோ பள்ளியில் கொதிகலன், அணையவில்லை'
என்று மட்டும் வைத்தேன்.
'வி' வரிசையில், பூச்சிக்கு மூன்று பதிவு தள்ளி,
ஒற்றை வரி:
விட்கோ உயர்நிலைப்பள்ளி. காண்க: பனிப்புயல்.

மெய்ப்பு ஓரெஸ்ட் மேசைக்குப் போனது.
அரைப்புள்ளியின் நிழலைக்கூட விடாத மனிதர்.
திரும்பி வந்தபோது
'கொதிகலன்' பக்கத்தில் இருந்த காற்புள்ளியை மட்டும்
எடுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் வெர்னாவுக்கு எழுதினேன்,
அந்தத் திரை என்ன நிறம் என்று கேட்டு.
புத்தகத்துக்காக இல்லை.